செண்டுமல்லி எண்ணெய் வேற, காலெண்டுலா எண்ணெய் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் கோத்தகிரி பக்கத்துல இருந்து எழுதுறேன். எஸ்டேட் டிஸ்பென்சரில 27 வருஷம் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. உங்க பேப்பர் மகளிர் பக்கத்துல போன வாரம் மேரிகோல்ட் ஆயில் பத்தி போட்டிருந்தீங்க, சாமந்திப்பூ எண்ணெய் தோலுக்கு அவ்வளவு நல்லது, சிவப்பு தடிப்பு அடங்கும், வறட்சி போகும், கடையில சின்ன பாட்டில்ல கிடைக்கும், காலையில முகம் கழுவிட்டு ரெண்டு மூணு சொட்டு தடவிக்கோங்கன்னு. பக்கத்துலயே பெருசா ஒரு படம். அந்த படத்துல இருக்கிறது நாம ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலையா போடுற செண்டுமல்லி. ஆனா எழுதியிருந்த நல்ல குணம் பூராவும் இன்னொரு பூவோடது, அதுக்கு காலெண்டுலான்னு பேரு. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் மேரிகோல்ட்னே சொல்றதால வந்த குழப்பம் இது. பேரு குழம்பினா என்ன போச்சுன்னு நினைக்க வேண்டாம், எங்க வீட்ல இதனால ஒருத்தர் முகம் வெந்து போச்சு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

என் தங்கச்சிக்கு கேத்தி பள்ளத்தாக்குல கேரட் தோட்டம். போன பிப்ரவரி மாசம் பனில முகமெல்லாம் வறண்டு சொரசொரன்னு ஆயிடுச்சுன்னு, டூரிஸ்ட் வர்ற ஒரு கடையில மேரிகோல்ட் ஆயில்னு எழுதின 10 மில்லி பாட்டில் வாங்கிட்டு வந்தா. தோலுக்கு நல்லதுன்னு கடைக்காரரும் சொல்லியிருக்கார், அவரும் பொய் சொல்லணும்னு சொல்லியிருக்க மாட்டார், அவருக்கும் தெரிஞ்சிருக்காது. காலையில குளிச்சுட்டு எதுலயும் கலக்காம அப்படியே 3 சொட்டு முகம் பூரா தடவிக்கிட்டு களை எடுக்க போயிட்டா. அன்னைக்கு நல்ல வெயில். சாயங்காலம் முகம் காந்துதுன்னா, மறுநாள் பாத்தா கொதிக்கிற எண்ணெய் தெறிச்ச மாதிரி சிவந்து வீங்கி அங்கங்க கொப்புளம். முக்காடு போட்டு மறைஞ்ச நெத்தியும் காதோரமும் ஒண்ணும் ஆகல, வெயில் பட்ட இடம் மட்டும்தான், கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுது. தோல் டாக்டர் பாத்த உடனே கேட்ட முதல் கேள்வி முகத்துல என்ன தடவினீங்கன்னுதான். பாட்டிலை மோந்து பாத்துட்டு, இது செண்டுமல்லி ஜாதி எண்ணெய்மா, இதை பூசிட்டு வெயில்ல போகவே கூடாதுன்னார். கொப்புளம் 10 நாள்ல ஆறிடுச்சு. ஆனா அந்த கருப்பு திட்டு இன்னும் போகல, கல்யாணம் காட்சிக்கு கூப்பிட்டா வரமாட்டேங்கறா.

நர்ஸா இருந்த எனக்கே அதுக்கு முன்னாடி இந்த விஷயம் தெரியாதுங்க. அப்புறம்தான் தேடித்தேடி படிச்சேன், அந்த டாக்டர்கிட்டயும் நாலஞ்சு தடவை போய் கேட்டேன்.

செண்டுமல்லி, துலுக்க சாமந்தி, கேந்திப்பூன்னு ஊருக்கு ஒரு பேர் சொல்றமே, அதெல்லாம் டாஜெட்டிஸ்ங்கற இனம். பூர்வீகம் மெக்சிகோவும் தென் அமெரிக்காவும். இதுலயே பெரிய பந்து மாதிரி பூக்கிறது எரெக்டா, சின்னதா சிவப்பும் மஞ்சளும் கலந்து பூக்கிறது பாட்டுலா, அப்புறம் மினுட்டான்னு ஒண்ணு ஆள் உசரம் வளரும், வடக்க இமாசலப் பக்கம் அதை வயல்லயே போட்டு எண்ணெய் வடிக்கிறாங்க. செடியை அண்டாவுல போட்டு ஆவியில வடிக்கிறது, நம்ம ஊர் தைலம் காய்ச்சற மாதிரியேதான். வர்ற எண்ணெய் மஞ்சளா தண்ணி மாதிரி இருக்கும், வாசம் மூக்கை தூக்கும், பழ வாசமும் பச்சிலை வாசமும் கலந்து அடிக்கும். சென்ட்டு கம்பெனிக்கு இது பெரிய சரக்கு.

இந்த இனத்துல ஆல்ஃபா டெர்தையனில்னு ஒரு பொருள் இருக்கு. கேரட் தக்காளி போடுறவங்க ஊடால செண்டுமல்லி வெப்பாங்க, வேரைத் தாக்கற நூற்புழு குறையும்னு, அந்த புழுவை கொல்றதே இந்த பொருள்தான். அதே பொருள் தோல்ல இருக்கும்போது வெயிலோட யூவி கதிர் பட்டா தோலோட செல்லை பொசுக்கிடும். தோல்ல பூசினா இருட்டுல சும்மா இருக்கும், வெளிச்சம் பட்டாத்தான் வேலையை காட்டும். அலர்ஜின்னா ஒருத்தருக்கு வரும் இன்னொருத்தருக்கு வராது, இது அப்படி இல்ல, எண்ணெயும் வெயிலும் போதுமான அளவு சேந்துச்சுன்னா யாருக்கு வேணாலும் ஆகும். தங்கச்சி நெத்தி ஏன் தப்பிச்சுதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

ஐரோப்பாவுல 2018ல இதுக்குன்னே விதி போட்டிருக்காங்க. எரெக்டா பூவோட எண்ணெயும் சாறும் அழகு சாதனத்துல சேர்க்கவே கூடாது. மினுட்டா, பாட்டுலா எண்ணெய் பூசி அப்படியே விட்டுடற கிரீம்ல 0.01 சதவீதத்துக்கு மேல கூடாது, கழுவி விடற சோப்பு ஷாம்புன்னா 0.1 சதவீதம், வெயிலுக்கு பூசற கிரீம்ல சுத்தமா கூடாது. 0.01 சதவீதம்னா என்னன்னு நம்ம கணக்குல பாருங்க. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.03 கிராம்னு வெச்சா 300 கிராம் கிரீம்ல ஒரே ஒரு சொட்டு. என் தங்கச்சி மூணு சொட்டை நேரா முகத்துல தேய்ச்சிருக்கா. உங்க பேப்பர்லயும் அதே மூணு சொட்டைத்தான் காலையில தடவ சொல்லியிருக்கீங்க.

இதுல மலையில இருக்கிற நமக்கு இன்னும் ஒரு சங்கடம் இருக்கு. குளுகுளுன்னு இருக்கிறதால வெயில் உறைக்காது, ஆனா உசரம் போகப்போக யூவி கூடும், 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 சதவீதம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊட்டி 2240 மீட்டர், கொடைக்கானலும் 2000 தாண்டிடும். கீழ மேட்டுப்பாளையத்துல வெயில் அடிச்சா நிழலுக்கு ஓடுவோம், இங்க அதைவிட கூடுதல் யூவில சொகமா இருக்குன்னு உக்காந்து வெயில் காய்வோம்.

அதுவும் போக, மலையில நமக்கு எண்ணெய்னாலே பயம் கிடையாது. தலைவலியா நீலகிரி தைலம், மூட்டு வலியா கோல்தேரியா எண்ணெய், கொசுவா லெமன்கிராஸ், பொறந்ததுல இருந்து உள்ளங்கையில ஊத்தி தேய்ச்சே பழகிட்டோம். மேரிகோல்டும் அதே அலமாரில அதே மாதிரி பாட்டில்ல நின்னா அதையும் அப்படித்தான தேய்ப்போம். கோல்தேரியாவும் பச்சப்புள்ளைங்க கைக்கு எட்டக்கூடாத சாமான், கொஞ்சம் குடிச்சாலே உயிருக்கு ஆபத்து, டிஸ்பென்சரில இருந்தப்ப தாய்மாருக்கு ஓயாம சொல்லிட்டே இருப்பேன். அது வேற கதை, தனியா ஒரு கடிதமே எழுதணும்.

செண்டுமல்லியை நான் குறை சொல்றேன்னு பூ விவசாயிங்க யாரும் நினைக்காதீங்க. நிலக்கோட்டை, சத்தியமங்கலம் மார்க்கெட்ல எத்தனை குடும்பத்துக்கு அதுதான் சோறு. இதழ்ல லூட்டின்ங்கற மஞ்சள் நிறப்பொருள் நிறைய இருக்கு, அந்த சாறைத்தான் கோழித் தீவனத்துல சேர்க்கிறாங்க, மஞ்சக்கரு நல்ல நிறமா வர்றதுக்கு, கண்ணுக்கு சாப்பிடற மாத்திரைலயும் அதே லூட்டின்தான் போகுது. மாலை கட்டுங்க, வாசல்ல தோரணம் கட்டுங்க, வயல்ல ஊடுபயிரா வெயுங்க. வடிச்ச எண்ணெயை முகத்துல பூசாதீங்க, அவ்வளவுதான்.

இப்ப நல்ல பூவுக்கு வர்றேன்.

காலெண்டுலா அஃபிசினாலிஸ். மத்தியதரைக்கடல் பக்கத்து செடி, குளிர் பிடிச்சது, ஊட்டி தாவரவியல் பூங்காவுல மே மாச மலர் கண்காட்சிக்கு பாத்தில போடுற செடில இதுவும் ஒண்ணு. நீங்களே பாத்து போட்டோ எடுத்திருப்பீங்க, டெய்சி மாதிரி விரிஞ்சு ஆரஞ்சும் மஞ்சளுமா இருக்கும். எங்க வீட்டு முன்னாடி ஒரு பாத்தி வெச்சிருக்கேன். பூ பறிச்சா விரல்ல பிசின் மாதிரி ஒட்டும், ஒரு கூடை பறிக்கறதுக்குள்ள கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், சோப்பு போட்டாலும் லேசுல போகாது, எண்ணெய் தடவித்தான் எடுக்கணும். அந்த பிசின் பூவுக்கு அடியில பச்சையா இருக்கிற பாகத்துலதான் அதிகம், அதனால இதழை மட்டும் பிச்சு போடாம பூவை முழுசா போடணும். வீக்கம் சிவப்பு அடக்கற ஃபாரடியால்ங்கற பொருள் இந்த பூவுல இருக்கு, அது எண்ணெய்ல நல்லா இறங்கும்.

இதுல இருந்து வடிச்சு எடுக்கிற எண்ணெய் ரொம்ப ரொம்ப கம்மி, வடிச்சா கட்டுப்படி ஆகாது. அதனால காலெண்டுலா எண்ணெய்னா காஞ்ச பூவை இன்னொரு எண்ணெய்ல ஊறவெச்சு எடுக்கிறதுதான். வழவழன்னு இருக்கும், பொன் நிறமா இருக்கும், வாசம்னு பெருசா ஒண்ணும் இருக்காது, லேசா வைக்கோல் வாடை. எசென்ஷியல் ஆயில்னு எழுதி சின்ன பாட்டில்ல சொட்டு மூடியோட, மூடியை திறந்ததும் வாசம் ரூம் பூரா பரவினா அது பெரும்பாலும் செண்டுமல்லி ஜாதிதான். சந்தேகமா இருந்தா வெள்ளை பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்க, ஊறவெச்ச எண்ணெய்னா பஜ்ஜி வெச்ச பேப்பர் மாதிரி பெருசா எண்ணெய் கறை அப்படியே நிக்கும், வடிச்ச எண்ணெய் பெரும்பாலும் ஆவியா போயிடும். எண்ணெய்ல கலப்படம் இருந்தா இந்த டெஸ்ட்ல தெரியாது, இருந்தாலும் எது எதுன்னு ஒரு குத்துமதிப்பா தெரியும்.

நான் செய்யற விதம் சொல்றேன், நிறைய பேர் கேக்கறாங்க. வெயில் வந்து பனி ஈரம் காஞ்சப்புறம் பூ பறிக்கணும். கோத்தகிரில ஐப்பசி கார்த்திகைல மழை விடாது, அப்ப பறிச்சா பூ அழுகும், மார்கழில இருந்து சித்திரை வரைக்கும்தான் எனக்கு சீசன். காய வெக்கிறதுதான் இங்க பெரிய பாடு, மத்தியானம் ரெண்டு மணிக்கே மேகம் இறங்கிடும். முறத்துல பரப்பி வீட்டுக்குள்ள காத்தோட்டமா வெச்சு, ராத்திரி அடுப்பு அணைஞ்சப்புறம் அந்த வெதுவெதுப்புல வெப்பேன், ஒரு வாரம் பத்து நாள் ஆகும். வெளி இதழ் மொறுமொறுன்னு காஞ்சிரும், நடுவுல கட்டை மாதிரி இருக்கே அங்க ஈரம் நிக்கும், அதை நகத்தால அமுக்கி பாக்கணும், உடையணும், நசுங்கக் கூடாது. துளி ஈரம் இருந்தாலும் எண்ணெய் பூசணம் பிடிச்சிடும். நான் முதல் தடவை செஞ்ச ரெண்டு லிட்டரும் அப்படித்தான் கொட்ட வேண்டியதா போச்சு.

கண்ணாடி பாட்டில்ல பூவை தளர்வா போட்டு, பூவுக்கு மேல ரெண்டு விரக்கடை நிக்கிற மாதிரி நல்லெண்ணெய் ஊத்துவேன். தேங்காயெண்ணெய் கீழ சமவெளில சரி, எங்க ஊர்ல அது வருஷத்துல பாதி நாள் வெள்ளை கட்டியா உறைஞ்சிடும், பூ ஊறாது. வெயில்ல ஒரு மாசம் வெக்க சொல்வாங்க, நம்ம மேகத்துக்கு அது சரிப்படாது, அதனால பாத்திரத்துல தண்ணி வெச்சு அதுக்குள்ள பாட்டிலை நிக்க வெச்சு, தண்ணி கொதிக்க விடாம கை பொறுக்கிற சூட்டுல மூணு நாலு மணி நேரம். அப்புறம் வெள்ளைத் துணில வடிகட்டி கலர் பாட்டில்ல ஊத்தி இருட்டுல வெக்கணும். ஆறு மாசம் நல்லா இருக்கும், சிக்கு வாடை வந்தா தூக்கி போட்டுடுங்க. குறும்பர் பழங்குடி ஆளுங்க தேனோட கொண்டு வர்ற மெழுகு கிடைச்சா 1 பங்கு மெழுகுக்கு 5 பங்கு எண்ணெய் உருக்கி டப்பால ஊத்தி வெப்பேன், ஆறினதும் களிம்பா இறுகிடும்.

யாருக்கு தர்றேன்னா, கொழுந்து பறிக்கிற பொம்பளைங்களுக்குத்தான் முக்காவாசி. அவங்க கையை பக்கத்துல வெச்சு பாத்திருக்கீங்களா? தேயிலை கறை ஏறி விரல் கறுத்து, அந்த கறுப்புக்குள்ள சிவப்பா கோடு கோடா வெடிப்பு, தை மாசம் உறைபனி கொட்டற நாள்ல கட்டை விரலோரம் கத்தியால கீறின மாதிரி பிளந்திருக்கும், அதோட மறுநாளும் பறிக்க போகணும். மெழுகுவத்தியை உருக்கி தேங்காயெண்ணெய்ல கலந்து பூசிக்குவாங்க. இந்த களிம்பை ராத்திரி கை கழுவி தொடைச்சுட்டு பூசி, பழைய சாக்ஸை கையில மாட்டிட்டு தூங்க சொல்வேன், நாலஞ்சு நாள்ல ஓரம் மெத்துன்னு ஆகி வெடிப்பு கூடிடும். பூவோட வேலை எவ்வளவு, எண்ணெயும் மெழுகும் சேந்து ஈரத்தை பிடிச்சு வெக்கிறது எவ்வளவுன்னு என்னால பிரிச்சு சொல்ல முடியாது. சும்மா மெழுகும் எண்ணெயும் போட்டாலே பாதி குணம் தெரியும்ங்கறதும் உண்மை.

ஆனா பூவுக்கும் சக்தி இருக்குங்கறதுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கு. பிரான்ஸ்ல மார்பக புத்துநோய்க்கு ரேடியேஷன் எடுத்த 254 பொம்பளைங்களை ரெண்டு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு காலெண்டுலா களிம்பு, இன்னொரு பிரிவுக்கு அங்க வழக்கமா குடுக்கற ட்ரோலமின் மருந்து குடுத்து பாத்தாங்க, 2004ல முடிவு வெளியாச்சு. ரேடியேஷன்ல தோல் கொஞ்சம் பலமா வெந்தவங்க காலெண்டுலா பிரிவுல 41 சதவீதம், இன்னொண்ணுல 63 சதவீதம். வலியும் கம்மியா இருந்திருக்கு. களிம்பு பூசறதுக்கு பிசுபிசுன்னு கஷ்டமா இருக்குன்னு கொஞ்சம் பேர் சொன்னதையும் மறைக்காம எழுதியிருக்காங்க. இது ஆஸ்பத்திரில டாக்டர் பார்வையில கம்பெனி களிம்பை வெச்சு செஞ்சது, நான் வீட்ல காய்ச்சறது அது ஆகாது. புத்துநோய் சிகிச்சைல இருக்கிறவங்க யாராச்சும் இதை படிச்சா, டாக்டரை கேக்காம ரேடியேஷன் எடுத்த இடத்துல எதையும் பூசாதீங்க.

முகம் வெள்ளையாகும், சுருக்கம் போகும், வெயில் கறுக்காதுன்னு உங்க கட்டுரைல இருந்தது காலெண்டுலாவுக்கும் பொருந்தாது. அது வறட்சிக்கும் லேசான எரிச்சலுக்கும் சிராய்ப்புக்கும்தான். ஆழமான காயத்துக்கோ சீழ் வெச்ச புண்ணுக்கோ தீப்புண்ணுக்கோ வெச்சா எண்ணெய் உள்ள அழுக்கை மூடிடும், நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க. சக்கரை இருக்கிறவங்க கால் வெடிப்பு ஆழமா இருந்தா அதுவும் அப்படித்தான், இதை நான் கையெடுத்து கும்பிட்டு சொல்றேன்.

அலர்ஜி பத்தியும் ஒரு வார்த்தை. காலெண்டுலா, செண்டுமல்லி, செவ்வந்தி, பார்த்தீனியம் எல்லாம் ஒரே குடும்பம். பார்த்தீனிய செடி பட்டா அரிச்சு தடிக்கிறவங்க, செவ்வந்தி மாலை கட்டி கட்டி விரல் வெடிச்ச பூக்கட்டறவங்க, இவங்களுக்கு காலெண்டுலாவும் ஒத்துக்காம போகலாம். முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாத்துட்டு அப்புறம் பூசுங்க. என்கிட்ட வாங்கினவங்கள்ல ஒரு அம்மாவுக்கு அப்படி அரிச்சுது, அவங்க ஊர்ல பார்த்தீனியம் புடுங்கற வேலை பாத்தவங்கன்னு அப்புறம்தான் சொன்னாங்க.

நான் காசுக்கு விக்கிறது இல்லைங்க, அதையும் சொல்லிடறேன். விக்கணும்னா லைசென்ஸ் வேணும். அழகு சாதனத்துக்கு 2020ல வந்த விதிப்படி என்னென்ன கலந்திருக்கு, யார் எங்க செஞ்சது, பேட்ச் நம்பர், எத்தனை நாளைக்கு ஆகும்னு லேபிள்ல இருக்கணும். என் தங்கச்சி வாங்கின பாட்டில்ல ஒரு பூ படமும் விலையும்தான் இருந்துச்சு. படமும் காலெண்டுலா படம்! உள்ள செண்டுமல்லி எண்ணெய். அதிகாரிங்க டூரிஸ்ட் சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை இந்த கடைங்களை சுத்தி வந்து, செடியோட முழுப் பேரு, பூசறதா மோந்து பாக்கறதா, வெயில்ல போகலாமா கூடாதான்னு தமிழ்ல எழுத வெச்சா போதும். எங்க மகளிர் குழுங்க காலெண்டுலா போட்டு முறையா லைசென்ஸ் எடுத்து எண்ணெய் செய்யவும் யாராச்சும் வழி காட்டினா நல்லா இருக்கும், செடி இங்க உரம்கூட கேக்காம வருது, மூணு நாளைக்கு ஒருக்கா பூவை கிள்ளிட்டே இருந்தா மாசக்கணக்குல பூக்கும், வயசான பொம்பளைங்க உக்காந்து செய்யற வேலை.

உங்ககிட்ட நான் கேக்கறது இன்னும் சின்னது. அதே மகளிர் பக்கத்துல அதே அளவுல ரெண்டு பூவையும் பக்கம் பக்கமா போட்டு ஒரு திருத்தம் போடுங்க. பூவை மட்டும் போட்டா போதாது, தூரத்துல ரெண்டும் மஞ்சளாத்தான் தெரியும், இலையை போடுங்க. செண்டுமல்லி இலை சீப்பு மாதிரி பிரிஞ்சு ஓரம் ரம்பப் பல்லா இருக்கும், கசக்கினா நெடி அடிக்கும். காலெண்டுலா இலை பிரியாம நீளமா நாக்கு மாதிரி, தொட்டா சொரசொரன்னு லேசா ஒட்டும். பூவுக்கு அடியில பாத்தா செண்டுமல்லிக்கு பச்சையா ஒரு நீளக் குப்பி இருக்கும், காலெண்டுலாவுக்கு தட்டு மாதிரி அகலமா இருக்கும்.

விதையும் போடலாம். இந்த கடிதத்தை மொபைல்ல டைப் பண்ணி மெயில்ல அனுப்பறேன், தனியா தபால்ல ரெண்டு பொட்டலம் வருது. ஒண்ணுல கருப்பு ஊசி முனையில வெள்ளை வால் வெச்ச மாதிரி இருக்கும், அது செண்டுமல்லி. இன்னொண்ணுல காஞ்ச புழு சுருண்டு கிடக்கிற மாதிரி வளைஞ்சு முள்ளு முள்ளா இருக்கும், அது காலெண்டுலா, எங்க பாத்தில போன பங்குனில எடுத்தது. உங்க போட்டோகிராபர்கிட்ட குடுத்து வெள்ளை பேப்பர் மேல வெச்சு படம் எடுக்க சொல்லுங்க. பொட்டலம் மேல தங்கச்சிதான் பேர் எழுதியிருக்கா, மாறிப் போகாம இருக்கணும்னு ரெண்டு பக்கமும் எழுதியிருக்கா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்